இனிப்பு நீர் இல்லாத சிறுநீரக நோய்

மலாக்கா நகரிலிருந்து ஆயர் குரோவுக்குப் போகும் பழைய சாலையை ஒட்டி இருக்கிறது புக்கிட் பெருவாங். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இங்கே வந்த பிறகு, ஊரின் சராசரி வயதே குறைந்துவிட்டது. மாலையானால் உணவுக்கடைகளில் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்தான் நிறைந்திருப்பார்கள். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நாலைந்து பேராக ஒரு வாடகை வீட்டில் தங்கி, மேகி மீ சமைத்துச் சாப்பிட்டு, விடிய விடியப் படிக்கும் பெண்பிள்ளைகள்.

லூபஸ் என்னும் நோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த வயதில்தான். லூபஸ் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பூப்பெய்திய நாளுக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் அது மிகுதியாகத் தலைகாட்டுகிறது. ஆசிய நாடுகளில் ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்குச் சிறுநீரகமும் அழற்சி அடைகிறது. லூபஸ் சிறுநீரக அழற்சி என்பது அதற்குப் பெயர்.

இந்தப் பெயரைத் தமிழ்க் குடும்பங்களில் அதிகம் பேர் கேட்டதில்லை. யாருக்காவது "கிட்னி கெட்டுப்போச்சு" என்று சேதி வந்தால், அடுத்த கேள்வி "இனிப்பு நீரா?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவுதான். ஆனால் இனிப்பு நீர் சிறுநீரகத்தைத் தின்ன வழக்கமாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். லூபஸ் சில மாதங்களிலேயே அந்த வேலையை முடித்துவிடும். இருபது வயதுப் பெண்ணுக்குக் கால் வீங்குகிறது, சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்றால், "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குத் திரும்புவது பெரிய ஆபத்து.

உடலுக்குள் நடப்பது என்ன? கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்க உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. தன்னுடல் தாக்குநோய்களில் அந்தக் காவல் படை வீட்டாரையே திருடர் என்று பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. நடிகை சமந்தா 2022-இல் தமக்கு மயோசைட்டிஸ் வந்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னபோது தமிழ் வாசகர்கள் பலர் இந்த நோய்க் குடும்பத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். அது தசையைத் தாக்குவது. லூபஸ் குறிவைப்பது உயிரணுக்களின் கருவை. சாகும் அணுக்களிலிருந்து சிதறும் டி.என்.ஏ.வையே எதிரி என எண்ணி உடல் எதிர்ப்பொருள் செய்கிறது. கரு எல்லா உறுப்பிலும் இருப்பதால் தோல், மூட்டு, இரத்தம், இதய உறை, மூளை என எங்கு வேண்டுமானாலும் நோய் வெளிப்படலாம்.

சிறுநீரகம் அதில் தனியாகச் சிக்குவதற்குக் காரணம் அதன் வேலை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் குளோமெருலஸ் என்னும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு. ஒரு நாளில் 180 லிட்டர் நீர் இந்த முடிச்சுகள் வழியே வடிகிறது. அதில் ஏறக்குறைய முழுவதையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருளும் டி.என்.ஏ. துணுக்கும் ஒட்டிய கட்டிகள் இரத்தத்தில் மிதந்துவந்து, மாவுச் சல்லடையில் உமி தங்குவதுபோல இங்கே தங்குகின்றன. முடிச்சுக்குள்ளேயே உருவாகும் கட்டிகளும் உண்டு. அவற்றைக் கண்டதும் 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் இரத்தப் புரதங்கள் வேலையில் இறங்குகின்றன, வெள்ளணுக்கள் திரள்கின்றன, முடிச்சு வீங்குகிறது. ஓட்டை விழுந்த வடிகட்டி வழியாகப் புரதமும் சிவப்பணுக்களும் சிறுநீரில் கலந்து வெளியேறுகின்றன. இரத்தத்தில் சி3, சி4 என்னும் காம்ப்ளிமென்ட் அளவுகள் குறைந்திருப்பது அவை இங்கே செலவாகிக்கொண்டிருப்பதன் அடையாளம்.

வலி மட்டும் இருக்காது. கல் அடைத்தால் உருண்டு துடிக்கவைக்கும் சிறுநீரகம், இந்த அழற்சியில் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் கெடுகிறது. சிறுநீரில் சோப்பு நுரைபோல நுரை தங்கும். காலையில் கண்ணிமை உப்பியிருக்கும், மாலையில் கணுக்காலை அழுத்தினால் குழி விழும், இரத்த அழுத்தம் ஏறும். பல பேருக்கு இவைகூட இல்லாமல், சிறுநீர்ச் சோதனையில் மட்டுமே நோய் தெரியும்.

மற்ற அறிகுறிகளைத் தமிழ் வீடுகள் வேறு பெயர்களில் அறிந்திருக்கின்றன. சிக்கல் அங்கேதான். மருத்துவ நூல்கள் லூபஸின் முகத் தடிப்பை இரு கன்னத்திலும் மூக்கின் மேலும் விரியும் சிவப்பு வண்ணத்துப்பூச்சி என்று வருணிக்கின்றன. படங்களில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளைத் தோல். கருத்த தோலில் அந்தச் சிவப்பு கருமையாகவே தெரியும். அம்மா அதை மங்கு என்பாள், பூசுவதற்கு மஞ்சள் தேடுவாள். விரல் மூட்டு வலித்தால் பாட்டிக்கு இருந்த வாதம் என்பார்கள். முடி கொட்டினால் தண்ணீர் சரியில்லை. எழுந்திருக்க முடியாத அசதி வந்தால் ராத்திரி முழுக்கத் தொலைபேசி பார்த்ததன் பலன். காய்ச்சல் வந்து, இரத்தத்தில் வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருந்தால் மலேசியாவில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கி. டெங்கி ஒரு வாரத்தில் போய்விடும், லூபஸ் போகாது. ஒவ்வொரு விளக்கமும் தனித்தனியாக நியாயமானதுதான். ஐந்தும் ஒரே பெண்ணிடம் ஒரே ஆண்டில் சேரும்போது அவற்றைக் கோத்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இந்த நோயை இனவாரியாகப் பார்த்த பழைய ஆய்வுகள் மலேசியாவில் இருக்கின்றன. 1980-இல் ஏ.ஓ. ஃபிராங்க் என்பவர், மேற்கு மலேசியச் சீனர்களிடையே லூபஸ் கூடுதலாக இருப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1997-இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் வாங் குழுவினர் 539 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களின் கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு மொத்தத்தில் 43 பேர். சீனர்களில் 57, மலாய்க்காரர்களில் 33, இந்தியர்களில் 14.

பதினான்கு என்பது ஆறுதல் தரும் எண்ணாகத் தோன்றும். இதே ஆண்டுகளில் டில்லியை அடுத்த கிராமங்களில் மாளவியா குழுவினர் வீடு வீடாகத் தேடி 1993-இல் வெளியிட்ட ஆய்வு, லட்சத்துக்கு 3 பேர் என்றே கண்டது. ஆனால் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளோ, அங்கே குடியேறிய தெற்காசியர்களுக்கு வெள்ளையரைவிட லூபஸ் அதிகம் என்று காட்டின. ஒரே மரபினர், மூன்று நாடு, மூன்று விதமான எண். வாழும் சூழல் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். தேடும் முறையும் மருத்துவ வசதியும் இன்னொரு காரணம் என்பது பலரின் கருத்து, அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. மலேசிய ஆய்வு, பெரிய மருத்துவமனையின் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்து எழுந்தது. 1970களிலும் 80களிலும் மெர்லிமாவ் பக்கத் தோட்டத்து லயத்தில் முகம் வீங்கிப் படுத்திருந்த ஒரு பெண், தோட்டத்து டிரஸரைத் தாண்டிக் கோலாலம்பூர் வரை போய் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருப்பாளா என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அந்த 14-ஐ அப்படியே எடுத்துக்கொண்டாலும், இருபது லட்சம் இந்தியர்களில் ஏறக்குறைய 280 பேர் ஆகிறது. அரிதான நோய் என்பதே அவர்களுக்குத் தீமையாகிறது, ஏனென்றால் அரிதானதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை.

ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வராது என்று எண்ணவேண்டாம். பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த ஃபெர்டினாண்ட் மார்கோஸ் லூபஸால் சிறுநீரகம் இழந்தவர். பதவியில் இருந்தபோது நோயை மறைத்தே வைத்திருந்தார். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1964-இல் 39 வயதில் இறந்தார். அவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவருடைய தந்தையையும் கொண்டுபோனது இதே நோய். பாடகி செலினா கோமெஸுக்கு 2017-இல் தோழி ஒருவர் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். 2022-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஸ்பெயின் சிறுமி ஒருத்தியிடம் டி.எல்.ஆர்.7 என்னும் ஒற்றை மரபணுவின் பிறழ்ச்சியே லூபஸை உண்டாக்கியது என்று நிறுவியது. அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு அது இரண்டு. பெண்களை இந்த நோய் ஏன் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு ஒரு நூல் அங்கே கிடைத்திருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் ஒற்றை மரபணு அல்ல. பல மரபணுக்கள், ஹார்மோன், வெயில், கிருமித்தொற்று என்று பலவும் சேர்ந்த கூட்டு.

எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த நோயின் பெயரைச் சொன்னால் மரண ஓலை வந்ததுபோல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 99 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1955-இல் வெளியான கணக்குப்படி, நான்கு ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 51 விழுக்காடுதான். இன்று ஐந்தாண்டு தாண்டி வாழ்பவர்கள் 90 விழுக்காட்டுக்கு மேல். இந்த மாற்றத்துக்கு வழிதிறந்தவற்றுள் இரண்டு பெரியவை. 1948-இல் மேயோ மருத்துவமனையின் மால்கம் ஹார்கிரேவ்ஸ், இன்னொரு அணுவின் கருவை விழுங்கிய வெள்ளணு ஒன்றை உருப்பெருக்கியில் கண்டார். லூபஸுக்கு முதல் ஆய்வகச் சான்று கிடைத்தது. 1950களில் சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் துணுக்கு எடுக்கும் முறை வந்தது. சிகாகோவில் கார்க், பிரானி, போலக் முதலியோர் அந்தத் துணுக்குகளை வைத்து, வெளியே ஒரேபோலத் தெரியும் நோயாளிகளுக்குள் சிறுநீரகம் வேறு வேறு விதமாகக் கெடுவதைக் காட்டினார்கள்.

இப்படித் துணுக்கு எடுப்பதற்குப் பயாப்சி என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்கள் புற்றுநோய் என்று நடுங்குகின்றன. இங்கே அதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பில்லை. முதுகுப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூல்போன்ற துணுக்கை எடுப்பார்கள். பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்கவேண்டும். இரத்தக்கசிவு ஏற்படலாம், பெரிய கசிவு அரிது. சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். 2003-இல் வகுக்கப்பட்ட முறைப்படி, துணுக்கைப் பார்த்து ஆறு வகையாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டு வகை இலேசானவை. மூன்றாவதும் நான்காவதும் எரியும் நெருப்பு, உடனே அணைக்கவேண்டும். ஐந்தாவதில் சவ்வு தடித்துப் புரதம் கொட்டும். ஆறாவது, நெருப்பு அணைந்து சாம்பலான நிலை. அதற்கு வலுவான மருந்து கொடுப்பதில் பயனில்லை. எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் மரம் வெட்டுவதுபோல. 2019-ஆம் ஆண்டின் அனைத்துலக வகைப்பாட்டில், இரத்தத்தில் ஏ.என்.ஏ. எனப்படும் கருவெதிர்ப்பொருளும் துணுக்கில் மூன்றாம் அல்லது நான்காம் வகை அழற்சியும் இருந்தாலே லூபஸ் என்று கொள்ளப் போதும். இரத்தத்தில் ஏ.என்.ஏ. மட்டும் இருப்பது போதாது. நலமாக இருக்கும் பலருக்கும் அது இருக்கும்.

மருந்துகளின் கதையில் மலாக்காத் தமிழருக்கு நெருக்கமான ஒரு கிளை உண்டு. 1896-இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகான். காடு வெட்டித் தோட்டம் போட்ட இடமெல்லாம் மலேரியா எழுந்தது, கப்பலேறி வந்த தமிழர்கள் அதில் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். பெரட்டுக்கு நின்ற ஆட்களின் வாயில் கசப்பான கொயினாவை (குவினைன்) ஊற்றி, விழுங்கும்வரை நின்று பார்த்தது தோட்டத்து மருத்துவம். அந்தக் கொயினாவை, 1894-இலேயே லண்டன் மருத்துவர் ஜே.எஃப். பேன் லூபஸ் தோல் நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார். மலேரியாவுக்கு எதிராக ஆய்வகத்தில் உருவான அதன் வழித்தோன்றல்களில் ஒன்று ஹைட்ராக்சிகுளோரோகுவின். இன்று லூபஸ் நோயாளி ஒவ்வொருவருக்கும், தடை ஏதும் இல்லையென்றால், அடிப்படை மருந்து அதுதான். நோய் மீண்டும் பொங்குவதைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் காக்கிறது, கர்ப்பத்திலும் தொடரலாம். விலையும் மலிவு. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நாள்பட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை கட்டாயம், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் கட்டாயம். 2020-இல் கோவிட்டுக்கு இதுவே மருந்து என்ற பேச்சு உலகெங்கும் பரவி, லூபஸ் நோயாளிகள் மாத்திரை கிடைக்காமல் தவித்தார்கள். கோவிட்டை அது குணப்படுத்தவில்லை.

எரியும் அழற்சியை அணைக்க ஸ்டீராய்டு வேண்டும். முதல் சில நாள் இரத்தக்குழாய் வழியாக, பிறகு பிரெட்னிசோலோன் மாத்திரையாக. முகம் நிலாப்போல உப்பும், எடை கூடும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமித்தொற்று எளிதாகும். இளம்பெண் ஒருத்தி கண்ணாடியில் தன் முகத்தை அடையாளம் தெரியாமல் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் துயரம். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைகொடுக்காமல் உயிருக்கே ஆபத்தாகும். அழற்சி மீண்டும் பொங்கவும் கூடும். முகம் மாறுவது பற்றி மருத்துவரிடம் கூச்சமில்லாமல் பேசலாம். 2024-இல் வெளியான அனைத்துலகச் சிறுநீரக வழிகாட்டி உட்பட இன்றைய போக்கே ஸ்டீராய்டை விரைவில் குறைத்து, நாளுக்கு 5 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவரவேண்டும் என்பதுதான்.

ஸ்டீராய்டு மட்டும் போதாது என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வுகள் 1980களில் காட்டின. சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தைச் சேர்த்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடாமல் நிலைத்தது. அதற்கு விலையாகப் பல பெண்களின் சினைமுட்டைகள் அழிந்தன. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2002-இல் அதே மருந்தை இரு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராமாக ஆறு முறை மட்டும் கொடுத்து ஒத்த பலன் கண்டார்கள். அவர்களின் நோயாளிகள் பெரும்பாலும் வெள்ளையர் என்பதால் நம்மவர்க்குப் பொருந்துமா என்ற ஐயம் இருந்தது. ஆசியாவிலிருந்தே விடைகள் வந்தன. ஹாங்காங்கில் 42 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு, மைக்கோஃபீனோலேட் மாத்திரை சைக்ளோபாஸ்பமைடுக்கு நிகர் என்றது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகம் 100 இந்திய நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த அளவு சைக்ளோபாஸ்பமைடும் மைக்கோஃபீனோலேட்டும் சமமாகவே வேலை செய்தன. பணம் குறைந்த நோயாளிக்கு ஆறு ஊசியும், பிள்ளைப்பேற்றை எண்ணி அஞ்சும் பெண்ணுக்கு மாத்திரையும் என்று தேர்ந்தெடுக்க இடம் கிடைத்தது. இந்த நோயின் வரலாற்றில் ஏழை நாடுகளுக்கு மிகவும் உதவிய ஆய்வுகளின் வரிசையில் சண்டிகர் ஆய்வை வைக்கவேண்டும்.

புதிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. லூபஸ் சிறுநீரகத்துக்கென்றே அமெரிக்க அரசு 2020 டிசம்பரில் பெலிமுமாப் ஊசிக்கும், 2021 ஜனவரியில் வோக்ளோஸ்போரின் மாத்திரைக்கும் இசைவு தந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், நோயாளியின் சொந்த டி-அணுக்களை மாற்றியமைத்து உள்ளே அனுப்பும் முறையில் ஐந்து பேருக்கு நோய் அடங்கியதை 2022-இல் அறிவித்தார்கள். ஐந்து பேர் என்பது தொடக்கம் மட்டுமே. இவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அதற்காக மனம் தளரத் தேவையில்லை. காலத்தோடு தொடங்கி ஒழுங்காக எடுத்தால், பழைய மலிவான மருந்துகளே பெரும்பாலான சிறுநீரகங்களைக் காப்பாற்றுகின்றன. மொத்தம் மூன்று ஆண்டுகளாவது விடாமல் எடுக்கவேண்டும் என்பது இன்றைய விதி. வீக்கம் வடிந்தது நோய் போனதற்கு அடையாளம் ஆகாது.

மருந்தை விட்டுவிட்டு நாடும் இடங்களும் உண்டு. கோயில் விழாக்களில் உலோகம் கலந்த பொடிகளும், இணையத்தில் சிறுநீரகச் சுத்திகரிப்பு மூலிகைகளும் விற்கிறார்கள். ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்துக்கு நஞ்சு. அரிஸ்டோலோக்கியா வகை மூலிகைகள் நலமான சிறுநீரகத்தையே சுருக்கியிருக்கின்றன. மூட்டு வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் மெஃபினாமிக் அமிலமும் டைக்ளோஃபெனாக்கும் அழற்சியுள்ள சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மலேசியாவில் தாராளமாகக் கிடைக்கும் பிளிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதில் ஆக்சலேட் மிகுதி. அதோடு கேரம்பாக்சின் என்னும் நரம்பு நஞ்சும் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் பிரித்துக் காட்டினார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர் ஒரு குவளைச் சாறு குடித்தாலும் விடாத விக்கலும் வலிப்பும் வரலாம்.

வெயிலும் எதிரி. புற ஊதாக் கதிர் தோல் அணுக்களைச் சாகடிக்க, சிதறும் டி.என்.ஏ. அழற்சியைத் தூண்டும். மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குத் தேரோடு நடக்கும் பெண்ணுக்கு லூபஸ் இருந்தால் குடையும், நீண்ட கைச் சட்டையும், வெயில் காப்புக் களிம்பும் வேண்டும். நேர்த்திக்கடன் பகல் வெயிலில்தான் நிறைவேறவேண்டும் என்பதில்லை, மாலையிலும் கோயில் திறந்தே இருக்கிறது.

திருமணப் பேச்சில்தான் இந்த நோய் மறைக்கப்படுகிறது. மறைப்பதால் கெடுவது அந்தப் பெண்ணின் உடல். லூபஸ் சிறுநீரக அழற்சி உள்ளவர்களும் தாயாகலாம். ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்கவேண்டும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கவேண்டும். மைக்கோஃபீனோலேட் கருவைச் சிதைக்கும், ஆகவே கருத்தரிக்க ஆறு வாரத்துக்கு முன்பாவது மருத்துவர் அதை நிறுத்தி அசாதையோபிரின் கொடுப்பார். கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லாமல் கருத்தரித்தால் இதில் எதுவுமே நடக்காது. நோய் பொங்கும் நேரத்தில் கர்ப்பம் தரித்தால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து.

சிகிச்சை கிடைத்தும் பத்தில் ஒருவர் முதல் மூவர் வரை காலப்போக்கில் சிறுநீரகத்தை இழக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிறகு வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு. மலேசியாவில் இப்போது இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். தொழிலாளிக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ அந்தச் செலவில் கைகொடுக்கிறது. ஒரு நாளும் வேலைக்குப் போகாத, சந்தா கட்டாத இருபது வயது மாணவிக்கு அந்தக் கதவு திறக்காது; அறநிறுவன மையங்களையும் குடும்பத்தையும்தான் அவள் நம்பவேண்டும். நீரிழிவை மனத்தில் வைத்து அமைந்த உதவித் திட்டங்கள் இவளைப் போன்றவர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். மாற்றுச் சிறுநீரகம் லூபஸ் நோயாளிகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது, புதிய உறுப்பில் நோய் திரும்பி அதைக் கெடுப்பது குறைவு. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975-இல் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இறந்தவர்களின் உறுப்புக் கொடை இங்கே மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு அம்மாவோ அக்காளோதான் கொடுக்கிறார்கள்.

அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் முதல் கருவி ஒரு சிறு காகிதப் பட்டை. சிறுநீரில் நனைத்தால், புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறும். அரசு சுகாதாரக் கிளினிக் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. லூபஸ் என்று உறுதியானவர்கள், நலமாக இருந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்துகொள்ளவேண்டும். சிறுநீரகம் எப்போது தொடப்படும் என்று சொல்லமுடியாது. பெரும்பாலும் நோய் தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகிறது. கோலாலம்பூரில் மலேசிய லூபஸ் சங்கம் நோயைப் பற்றிய விளக்கங்களை வெளியிட்டு வருகிறது. தமிழில் அவை பெருகவேண்டும். மருத்துவம் படித்த மலாக்காப் பிள்ளைகள் அந்த வேலையைக் கையில் எடுக்கலாம்.

புக்கிட் பெருவாங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடுத்த முறை அழைக்கும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டபின் இதையும் கேளுங்கள்: முகத்தில் புதிதாகக் கருமை உண்டா, காலையில் விரல் மடக்க வலிக்கிறதா, கண்ணிமை உப்புகிறதா, சிறுநீரில் நுரை தங்குகிறதா. இரண்டுக்கு ஆம் என்றால் கிளினிக்குக்குப் போகச் சொல்லி, "சிறுநீரில் புரதமும் இரத்தமும் பாருங்கள், இரத்த அழுத்தம் பாருங்கள், லூபஸாக இருக்குமா" என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முடிவுத் தாளை எறியாமல் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். மலாக்காப் பொது மருத்துவமனை அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். குடியுரிமை உள்ளவருக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்.